ஒருவர் எழுதுகிறார், நாற்பது பேர் பார்க்கிறார்கள்

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கல்முனையில் ஒரு வீட்டு அறையில் இருந்து ஒன்லைன் வெண்பலகை ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். நானும் நண்பரும் ஒலுவிலில் படித்தவர்கள். வடிவமைப்பை என் தங்கை பார்க்கிறா. மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, அக்கரைப்பற்றுப் பக்கத்து ரியூசன் ஆசிரியர்கள் பதினொரு பேர் இப்போது இலவசமாகப் பாவிக்கிறார்கள். மாணவர்களும் எழுதும் பெரிய வகுப்புகளில் ஆசிரியர் போட்ட கோடு சில நேரம் காணாமல் போகிறது. கொஞ்ச நேரம் யாரும் எழுதாவிட்டால் தொடர்பு அறுந்துவிடுகிறது. பலகையில் எது மாறினாலும் முழுப் பலகையையும் ஜேசனாக (தரவை எழுத்தாக எழுதும் ஒரு வடிவம்) சேர்வருக்கு அனுப்பிச் சேமிக்கிறோம். எல்லாவற்றையும் சிஆர்டிடி முறையில், அதாவது பலர் ஒரே நேரத்தில் செய்யும் மாற்றங்கள் முரண்படாமல் தாமாகவே ஒன்றுசேரும் தரவு முறையில், திருப்பி எழுத வேண்டுமா? ஆசிரியர்கள் வீடியோவும் கேட்கிறார்கள். முதலீட்டாளர் யாரும் இல்லை. கையில் இருக்கும் காசு ஏழு மாதத்துக்குக் காணும். எப்படிக் கட்டணம் எடுப்பது?

பதில்: அன்புள்ள தம்பி, முழுவதையும் திருப்பி எழுத வேண்டாம். வீடியோவும் இப்போது வேண்டாம். அடுத்த மூன்று கிழமையும் ஒரே வேலைதான்: ஆசிரியர் போட்ட கோடு எந்தக் காரணத்துக்காகவும் காணாமல் போகக்கூடாது. நிறம் குறைவு, வடிவங்கள் குறைவு என்றால் ஆசிரியர் பொறுத்துக்கொள்வார். தொகையீட்டுக் கணக்கு ஒன்றைச் செய்து முடிக்கும் நேரத்தில் நான்காவது வரி பலகையில் இல்லையென்றால், நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் அவர் தடுமாறி நிற்க வேண்டும். அதன் பிறகு அவர் உங்களிடம் திரும்பி வருவது கடினம்.

கோடு போகும் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆசிரியர் ஒரு கோடு போடுகிறார். அதே அரை விநாடிக்குள் ஒரு மாணவர் ஒரு கேள்விக்குறி போடுகிறார். ஆசிரியரின் புதிய கோடு அந்த மாணவரின் போனுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே அவரது போன் அனுப்பும் முழுப் பலகையில் அந்தக் கோடு இல்லை. அது பிந்தி வருவதால் சேர்வர் அதையே கடைசிப் பிரதி என்று எடுத்துக்கொள்கிறது. கோட்டை யாரும் அழிக்கவில்லை, பழைய பிரதி புதியதை மூடிவிட்டது. வகுப்பு பெரிதாகும்போது இது கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு விநாடியில் இழுத்த கோட்டில் ஏறக்குறைய 120 புள்ளிகள் இருக்கும். ஜேசனில் அது 4 கிலோபைட்டைத் தொடும். 2,000 கோடுகள் சேர்ந்த பலகை 8 மெகாபைட். ஒவ்வொரு கோட்டுக்கும் 8 மெகாபைட்டை மேலே தள்ளினால் எந்த நெட்வேர்க்கும் பிந்தத்தான் செய்யும். பிந்தும் அளவுக்கு, பழைய பிரதி மேலே ஏறும் வாய்ப்பும் கூடும்.

ஆகவே பலகையை அனுப்புவதை நிறுத்திவிட்டு, நடந்ததை மட்டும் அனுப்புங்கள். "இந்தக் கோடு சேர்ந்தது", "இந்த உரு இங்கே நகர்ந்தது", "இது அழிந்தது" என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் செயல். செயலுக்கான எழுமாறான அடையாள எண்ணை ஆசிரியரின் கருவியே உருவாக்க வேண்டும். சேர்வர் அதை வாங்கி, அந்தப் பலகைக்குரிய அடுத்த வரிசை எண்ணைக் கொடுத்து, போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் எழுதி, எழுதிய பிறகுதான் "கிடைத்தது" என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வரும்வரை கோடு ஆசிரியரின் பிரவுசரில், இன்டெக்ஸ்ட்டிபி சேமிப்பில் இருக்கட்டும். நினைவகத்தில் மட்டும் வைத்தால் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்ததும் போய்விடும். தொடர்பு அறுந்து திரும்பி வந்தால் பதில் வராத செயல்களை மீண்டும் அனுப்புங்கள். ஏற்கெனவே வந்த அடையாள எண் என்றால் சேர்வர் அதை மறுபடி எழுதாமல் பதிலை மட்டும் கொடுக்கும். இந்த இரட்டிப்புத் தடுப்பை மறந்தால் ஒரே கோடு இரண்டு முறை விழும். பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், ஒன்றை அழித்தால் மற்றது அங்கேயே இருக்கும். ஆசிரியர் அழிப்பான் வேலை செய்யவில்லை என்று முறைப்பாடு செய்வார், நீங்கள் பிழையை அழிப்பானில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பார்ப்பவரின் பக்கம் இன்னும் எளிது. மாணவரின் போன் கடைசியாகப் பார்த்த வரிசை எண்ணை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும். திரும்பி இணையும்போது "812க்குப் பிறகு என்ன?" என்று கேட்கும், சேர்வர் 813 முதல் கொடுக்கும். வகுப்பு தொடங்கி நாற்பது நிமிடம் கழித்து வருபவருக்கு முதலில் இருந்து எல்லாவற்றையும் ஓட்டத் தேவையில்லை. 500 செயலுக்கு ஒரு முறையும், கடைசி ஆள் வெளியேறும்போதும் பலகையின் முழுநிலைப் பிரதி ஒன்றைச் சேமியுங்கள். பிந்தி வருபவருக்கு அந்தப் பிரதியும் அதற்குப் பின் நடந்தவையும் போதும்.

ஆசிரியர் எழுதிக்கொண்டிருக்கும்போதே கோடு மாணவருக்கு வளர்ந்துகொண்டு தெரிய வேண்டும், முடிந்த பிறகு திடீரென்று விழக்கூடாது. அதற்கு 50 மில்லிவிநாடிக்கு ஒரு முறை புதிய புள்ளிகளைத் தனித் தகவலாக அனுப்புங்கள். அதைச் சேமிக்கவும் வேண்டாம், பதிலும் வேண்டாம். பேனை எடுபட்டதும் முழுக் கோடும் செயலாகப் போகும். இடையில் எது தொலைந்தாலும் அது வந்து சரிசெய்யும்.

இனி சிஆர்டிடி. கைக்கோடு ஒருமுறை போட்டால் மாறுவதில்லை. இருவர் இரண்டு கோடு போட்டால் விடை இரண்டு கோடும் இருப்பதுதான், அங்கே முரண்பாடே இல்லை. முரண்படுவது நகர்த்தல், நிறம் மாற்றல், அழித்தல், எழுத்துப்பெட்டி ஆகியவற்றில்தான். எழுத்துப்பெட்டியைத் தவிர மற்றவற்றுக்கு, ஒவ்வொரு பண்புக்கும் தனித்தனியாகக் கடைசியாக வந்ததை ஏற்பது போதும். ஒருவர் பெட்டியை நகர்த்த, மற்றவர் நிறத்தை மாற்றினால் இரண்டும் நிற்கும். பலர் சேர்ந்து வடிவமைக்கும் ஃபிக்மா என்ற கருவியைச் செய்பவர்கள் 2019இல் தங்கள் முறையை விளக்கியபோது இதைத்தான் சொன்னார்கள்: சேர்வர் தீர்ப்பளிக்கிறது, பண்புக்குப் பண்பு கடைசியானது வெல்கிறது, முழுச் சிஆர்டிடி இல்லை. எக்ஸ்காலிட்ரோ என்ற வெண்பலகையில் ஒவ்வொரு உருவுக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு, கூடிய எண் வெல்லும். சமமாக வந்தால், அதோடு சேர்த்து வைத்திருக்கும் இன்னொரு எழுமாறான எண்ணை ஒப்பிட்டு எல்லாக் கருவியும் ஒன்றையே தெரிவுசெய்யும். அழித்த உருவை உடனே தூக்கி எறியாமல் "அழிந்தது" என்று குறித்து வைத்திருக்கும். இல்லாவிட்டால் பிந்தி வரும் ஒரு பழைய தகவல் அதை உயிர்ப்பித்துவிடும். எக்ஸ்காலிட்ரோ, யாரும் எடுத்துப் பாவிக்க விடும் எம்ஐடி உரிமத்தில் இருப்பதால் அதன் இந்தப் பகுதியை நண்பரோடு உட்கார்ந்து வரி வரியாக வாசியுங்கள். டிஎல்ட்ரோ என்ற இன்னொரு வெண்பலகையின் உரிமம் வேறு வகை, அதன் குறியீட்டை எடுக்க முன் வணிகப் பாவனை விதிகளை முழுதாக வாசிக்க வேண்டும்.

எழுத்துப்பெட்டியில் இருவர் ஒரே நேரத்தில் தட்டுவதுதான் உண்மையில் கடினமானது. அதற்கு வைஜேஎஸ் நல்ல சிஆர்டிடி நூலகம். ஆனால் உங்கள் வகுப்பில் அது அபூர்வம். முதலில் பெட்டியைத் தொட்டவருக்குப் பூட்டிக் கொடுத்து, பத்து விநாடி தட்டாவிட்டால் பூட்டைத் திறந்துவிடுங்கள். இந்த ஆண்டுக்கு அது போதும்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். செயல்நீக்கப் பொத்தான் அவரவர் போட்டதை மட்டுமே நீக்க வேண்டும். ஆசிரியர் அழுத்தியதும் மாணவர் போட்ட விடை போனால் வகுப்பில் குழப்பம்தான். "பக்கத்தை வெறுமையாக்கு" என்பதை ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாக அழிக்கும் ஆயிரம் செயல்களாக அனுப்பாதீர்கள். "இந்த வரிசை எண்வரை எல்லாம் மறைக" என்று ஒரே செயலாக, ஆசிரியருக்கு மட்டும், திருப்பி எடுக்கக்கூடியதாக வையுங்கள்.

தொடர்பு அறுவதற்கு வருகிறேன். சேர்வருக்கு முன்னால் நின்று தகவலைக் கடத்தும் என்ஜின்எக்ஸ் மென்பொருளை வைத்திருந்தால், 60 விநாடி எந்தத் தகவலும் வராத வெப்சொக்கட்டை (பிரவுசருக்கும் சேர்வருக்கும் இடையில் திறந்தே இருக்கும் தொடர்பு) அது மூடிவிடும். அதன் வாசிப்புக் காலவரம்பின் வழமையான அளவு அதுதான். ஆசிரியர் பேசி விளங்கப்படுத்தும் இரண்டு நிமிடத்தில் யாரும் எழுதமாட்டார்கள், அங்கேதான் அறுகிறது. காலவரம்பைக் கூட்டினால் மட்டும் போதாது, மொபைல் நெட்வேர்க்குகளும் சும்மா இருக்கும் தொடர்பைக் கைவிடும். 25 விநாடிக்கு ஒரு முறை ஒரு சிறு தகவல் இரு பக்கமும் போகட்டும். வெப்சொக்கட்டின் சொந்த பிங்கை, அதாவது மறுபக்கம் இருக்கிறதா என்று பார்க்கும் தகவலை, பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் பார்க்க முடியாது, அதனால் சாதாரணத் தகவலாகவே அனுப்புங்கள். 40 விநாடியில் ஒன்றும் வராவிட்டால், சொக்கட் "திறந்திருக்கிறது" என்று சொன்னாலும் நம்பாமல் மூடிவிட்டு மீண்டும் இணையுங்கள். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு விநாடி என்று இடைவெளியைக் கூட்டி 30இல் நிறுத்துங்கள். ஒவ்வொன்றிலும் எழுமாறான சில விநாடிகளைச் சேருங்கள். இல்லாவிட்டால் சேர்வரை ஒருமுறை மீளத் தொடக்கியதும் எல்லா வகுப்புகளும் ஒரே நொடியில் வந்து மோதும். மாணவர் அழைப்பு ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பும்போது பக்கம் மீண்டும் கண்ணுக்குத் தெரிவதை பிரவுசர் உங்களுக்கு அறிவிக்கும். அந்த நேரம் காத்திருக்காமல் உடனே இணையுங்கள்.

ஆசிரியரின் திரையின் மூலையில் இன்னும் சேராத கோடுகளின் எண்ணிக்கையைக் காட்டுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் அவர் எழுதுவதை நிறுத்தி நெட்டைப் பார்ப்பார். மறைத்து வைத்தால் பத்து நிமிடம் வெறும் பலகைக்கு வகுப்பெடுத்திருப்பார். புதிய பதிப்பை ஏற்றுவதும் பாடசாலை நேரத்துக் காலையில் மட்டும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகும் சனி ஞாயிறும் சேர்வரில் கை வைக்க வேண்டாம்.

பெரிய வகுப்பு இழுபடுவதற்குப் பெரும்பாலும் கேர்சர், அதாவது திரையில் நகரும் சுட்டுக்குறிதான் காரணம். எல்லோருடைய கேர்சரையும் எல்லோருக்கும் விநாடிக்கு 20 முறை காட்டினால், 40 பேருக்கு 40 ஐ 39ஆல் பெருக்கி 20ஆல் பெருக்க, விநாடிக்கு 31,200 தகவல்கள். ஆசிரியரின் கேர்சரை மட்டும் விநாடிக்கு 10 முறை காட்டினால் 390. உங்கள் பலகையின் இயல்பே இதுதான், தம்பி. மிரோ என்ற வெண்பலகை எல்லோரும் சமமாக எழுதும் அலுவலகக் கூட்டத்துக்கானது. உங்கள் பலகையில் ஒருவர் எழுதுகிறார், நாற்பது பேர் பார்க்கிறார்கள், இடைக்கிடை ஒரு பிள்ளை வந்து ஒரு வரி செய்துகாட்டுகிறது. அந்த வடிவத்துக்குச் செய்தால் மாதம் பத்து டொலர் சேர்வர் ஒன்றிலேயே பல வகுப்புகள் ஓடும். மாணவருக்கு எழுதும் அனுமதியை இயல்பாக மூடி வைத்து, ஆசிரியர் பெயரைத் தொட்டால் திறக்கட்டும். அந்தத் தடையைச் சேர்வரிலும் சரிபாருங்கள், பொத்தானை மறைப்பது தடையாகாது. பலகையின் இணைப்பு முகவரியில் 1, 2, 3 என்று எண் வைத்திருந்தால் இன்றே எழுமாறான நீண்ட எழுத்துகளுக்கு மாற்றுங்கள்.

வீடியோ ஏன் வேண்டாம் என்பதற்கும் கணக்கைப் பாருங்கள். புள்ளிகளை முழு எண்ணாக்கி, ராமர்–டக்ளஸ்–பொய்க்கர் முறையில் தேவையற்றவற்றை நீக்கி, முந்திய புள்ளியில் இருந்து உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பினால் 4 கிலோபைட் கோடு 150 பைட் அளவுக்கு வரும். ஒரு மணித்தியால வகுப்பில் 2,000 கோடு என்றாலும் 300 கிலோபைட். சத்தம் மட்டும் 32 கிலோபிட்டில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 14 மெகாபைட். ஆக, கோடும் சத்தமும் சேர்ந்து 15 மெகாபைட்டுக்குள். டேட்டா ரீலோட் போட்டுப் படிக்கும் பிள்ளையின் வீட்டுக்கு இதைவிடப் பெரிய வசதி எதையும் நீங்கள் கொடுக்க முடியாது. வீடியோ சேர்த்த அன்றே அது போய்விடும். பல பேருக்கு வீடியோவைப் பகிரும் சேர்வரின் செலவும் உங்கள் ஏழு மாதத்தை விழுங்கும். ஆசிரியர்கள் சூமில் கமராவை மூடிவிட்டுக் குரலுக்கு மட்டும் பாவிக்கட்டும், பலகை பக்கத்தில் இருக்கட்டும். பாடத்தாள் படங்களை பலகைத் தரவுக்குள் புகுத்தாதீர்கள். பிரவுசரிலேயே நீண்ட பக்கம் 1,600 பிக்சலாகச் சுருக்கித் தனிச் சேமிப்பில் வைத்து முகவரியை மட்டும் பலகையில் போடுங்கள்.

தமிழ் எழுத்துதான் வெளிநாட்டுப் பலகைகளை நீங்கள் வெல்லக்கூடிய இடம். வடக்கு கிழக்கில் பழைய பாடக்குறிப்புகளில் பெரும்பகுதி இன்னும் பாமினி என்ற யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் இருக்கிறது. ஆசிரியர் வேர்டில் இருந்து ஒட்டினால் பலகையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல்தான் விழும். ஒட்டும்போது அதைக் கண்டுபிடித்து "யூனிகோடுக்கு மாற்றவா?" என்று கேட்டு மாற்றிக் கொடுங்கள். கேட்காமல் மாற்ற வேண்டாம், ஆங்கிலப் பாட ஆசிரியரின் வாக்கியங்கள் கெட்டுவிடும். தட்டச்சைக் கன்வஸில் (பிரவுசரின் வரைபரப்பு) நேரே பிடிக்காமல் மேலே ஒரு சாதாரண எழுத்துப்பெட்டியை வைத்து வாங்குங்கள், அப்போதுதான் போன் விசைப்பலகைகள் ஒழுங்காக வேலை செய்யும். வரி உடைக்கும்போது குறியீட்டு எண்களை எண்ணினால் "கொ" என்பதில் ககரம் ஒரு வரியிலும் குறி அடுத்த வரியிலும் நிற்கும். பிரவுசரில் உள்ள, எழுத்துகளைப் பிரித்தறியும் செக்மென்டரைக் கொண்டு முழு எழுத்தாகப் பிரியுங்கள். எழுத்துரு ஏறி முடியுமுன் வரைந்தால் ஆசிரியருக்கு மூன்று வரியாக இருப்பது மாணவருக்கு நான்கு வரியாகிப் படத்தின்மேல் விழும். எழுதியவரின் கருவியில் கணித்த வரிப்பிரிப்பையே சேமித்து எல்லோருக்கும் காட்டுங்கள். பிடிஎஃப் ஆக்கும்போது, எழுத்தமைப்பு அறியாத நூலகங்கள் எகரக் குறியை எழுத்துக்குப் பின்னால் போட்டுவிடும். சேர்வரில் தலையில்லாக் குரோமை (திரையில் காட்டாமல் ஓடும் குரோம் பிரவுசர்) ஓட்டி அச்சிடுங்கள், அல்லது பக்கத்தைப் படமாக ஆக்கிப் பிடிஎஃப்பில் வையுங்கள். இந்தப் பிடிஎஃப் வசதியை ஒருநாளும் கட்டணத்துக்குப் பின்னால் பூட்டாதீர்கள். கூகுள் தன் வெண்பலகையான ஜாம்போர்ட்டை 2024 டிசம்பர் 31உடன் மூடியது. தன் குறிப்புகளை எப்போதும் வெளியே எடுக்கலாம் என்று தெரிந்தால்தான் ஆசிரியர் சிறிய நிறுவனம் ஒன்றை நம்புவார்.

சில ஆசிரியர்களுக்குக் கோடு பாதியில் நின்றால் அது வேறு நோய். அன்ட்ரொயிட் அதை ஸ்க்ரோல் என்று எடுத்துக்கொண்டு உங்கள் கையில் இருந்து பறிக்கிறது. கன்வஸில் பிரவுசரின் சொந்தத் தொடுசெயலை முழுதாக நிறுத்தும் வரியை சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்ற விதிகள்) போட்டால் தீரும். பேனை ஒருமுறை பட்டுவிட்டால் அதன் பிறகு விரலும் உள்ளங்கையும் வரையக்கூடாது, நகர்த்த மட்டும். முடிந்த கோடுகளுக்கு ஒரு கன்வஸ், இப்போது வளரும் கோட்டுக்கு மேலே இன்னொன்று. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 2,000 கோட்டையும் திருப்பி வரைந்தால் மலிவான போன் சூடாகிவிடும்.

இவற்றைச் சோதிக்க ஒரு போனில் கோடு இழுத்துக்கொண்டே பிளைட் மோட் போடுங்கள், இன்னும் ஐந்து கோடு போடுங்கள், இருபது விநாடி கழித்து எடுங்கள். ஆறு கோடும் மற்றப் போனில் அதே இடத்தில் வர வேண்டும். நடுவில் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தும் பாருங்கள். லினக்ஸ் சேர்வரில் மோசமான நெட்வேர்க்கைப் போல நடிக்கும் நெட்எம் கொண்டு 300 மில்லிவிநாடித் தாமதமும் 5 சதவீத இழப்பும் போட்டு ஒரு முழு வகுப்பை ஓட்டுங்கள். தரவுத்தளத்தின் நகல் தினமும் வேறு இடத்துக்குப் போக வேண்டும். அந்த நகலில் இருந்து ஒரு பலகையை மீட்டெடுத்துப் பார்க்காதவரை நகல் இருக்கிறது என்று எண்ண வேண்டாம்.

காசு விடயம். மாணவர் தலைக்கு வாங்காதீர்கள், ஆசிரியருக்கு மாதம் ஒரு தொகை. தலைக்கணக்கு வைத்தால் வகுப்பு பெருக்கும்போது ஆசிரியருக்குப் பயம் வரும். மாதம் 1,500 ரூபாய் என்று வைப்போம். சேர்வர், சேமிப்பு, டொமைன் எல்லாம் 20 டொலர், டொலர் 300 ரூபாய் என்று எடுத்தால் 6,000. நான்கு ஆசிரியர்கள் சேர்வரைச் சுமப்பார்கள். மூவரும் தலைக்கு 60,000 எடுக்க வேண்டும் என்றால் மொத்தம் 186,000, அதற்கு முழு விலை கொடுக்கும் 124 ஆசிரியர்கள் வேண்டும். இந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். பதினொன்றில் இருந்து 124க்கு ஏழு மாதத்தில் போக முடியாது என்று தோன்றினால், ஒருவராவது இப்போதே பகுதிநேர ஒப்பந்த வேலை எடுப்பது நல்லது. ஏழாம் மாதம் எடுப்பதைவிட இப்போது எடுத்தால் பேரம் பேச இடம் இருக்கும்.

பழைய பதினொரு பேருக்கும் ஒரு மாதம் முன்னறிவித்தல் கொடுத்து, ஒரு வருடத்துக்குப் பாதி விலை என்று எழுத்தில் சொல்லுங்கள். பாதிப்பேர் விலகினாலும் நீங்கள் அறிய வேண்டியதை அறிந்துவிடுவீர்கள். முதல் முப்பது பேரிடம் வங்கிக்கு அனுப்பிவிட்டுச் சிட்டையை வட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள், அவர்களே மாணவரிடம் அப்படித்தான் வாங்குகிறார்கள். கைக்கணக்கு சமாளிக்க முடியாமல் போகும்போது பேஹியர் போன்ற உள்ளூர்ப் பணவழியை இணையுங்கள். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் ஒரு தொகுதி வகுப்புகள் மூடும், வருமானம் விழும். பத்து மாதக் கட்டணத்துக்கு ஒரு வருடம் என்று கொடுத்தால் அந்தப் பள்ளம் ஆழம் குறையும். கனடா, லண்டன் தமிழ் வகுப்புகளுக்கு விற்கும் யோசனை வந்தால், கார்டுப் பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் இலங்கை நிறுவனங்களுக்கு நேரடிக் கணக்குக் கொடுப்பதில்லை. பேபாலிலும் இலங்கைக் கணக்கால் காசு பெற நீண்ட காலம் முடியாமல் இருந்தது. பாடில் போல விற்பனைப் பொறுப்பைத் தாங்களே ஏற்று, வரியைக் கழித்து, மிகுதியை அனுப்பும் நிறுவனம் ஒன்றின் வழியாகப் போக வேண்டும். ஒரு வரி குறியீடு எழுத முன்னர் அவர்களோடு கணக்கைத் திறந்து அங்கீகாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, முதல் காசு வருமுன் மூவருக்கும் இடையில் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். டொமைன், சேர்வர்க் கணக்கு, குறியீட்டுக் களஞ்சியம் யார் பெயரில் இருக்கின்றன, பங்கு எவ்வளவு, இடையில் ஒருவர் வெளிநாடு போனால் அவரது பங்குக்கு என்ன நடக்கும் என்பவை அதில் வர வேண்டும். பங்கை நான்கு வருடத்தில் சிறிது சிறிதாகச் சேரும்படியும், முதல் வருடம் முடியுமுன் விலகினால் ஒன்றும் சேராதபடியும் வைப்பது வழமை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியும்போதே மூவரையும் பங்காளிகளாகப் போடுங்கள். தங்கை வீட்டு ஆள்தானே என்று அவவின் பங்கை வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள்.